கீழிருந்து படிக்க வேண்டிய ரெக்கார்டு!

குத்துச்சண்டை வீரர்களின் ரெக்கார்டை இணையத்தில் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? ஜெயித்தவை பச்சை, தோற்றவை சிவப்பு. கடைசியாக ஆடிய ஆட்டம் மேலே இருக்கும். முதன்முதலில் ஆடியது அடியில் கிடக்கும்.

தாய்லாந்து வீரர் ஸ்ரீசாகெட் சோர் ருங்விசாயின் பக்கத்தைத் திறந்தால், விரலை ஓட்டி நேராக அடிக்குப் போய்விடுங்கள். முதல் ஐந்து ஆட்டங்களில் மூன்று தோல்வி, ஒரு டிரா, ஒரே ஒரு வெற்றி!

அறிமுக ஆட்டம் நடந்தது 2009 மார்ச்சில், ஜப்பானில். எதிரில் நின்றவர் அகிரா யாயேகாஷி. பின்னாளில் மூன்று எடைப் பிரிவுகளில் உலக சாம்பியன் ஆனவர். மூன்றாவது ரவுண்டிலேயே கதை முடிந்தது. வெளியூருக்கு அழைத்து வந்து, உள்ளூர்க்காரர் ஜெயிப்பதற்காக நிறுத்தப்படும் ஆட்களில் ஒருவராகத்தான் அன்றைக்கு ஸ்ரீசாகெட் தெரிந்திருப்பார்.

அப்போது அவருக்கு வயது 22. சொந்த ஊர், கம்போடிய எல்லையை ஒட்டிய சீசாகெட் மாகாணம். சிறு வயதிலேயே பாங்காக்குக்கு வந்து குப்பை அள்ளும் வேலை, பிறகு செக்யூரிட்டி வேலை என்று பார்த்தவர். உண்மையான பெயர் விசாக்சில் வாங்கெக். தாய்லாந்தில் குத்துச்சண்டை வீரர்கள் பலரும் தங்கள் பயிற்சிக்கூடத்தின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்வார்கள். இவர் பெயரில் முன்பாதி பிறந்த மாகாணம், பின்பாதி பயிற்சிக்கூடம்.

52 கிலோ உலகம்

இவர் ஆடிய சூப்பர் ஃப்ளைவெயிட் பிரிவின் எடை வரம்பு 115 பவுண்டு, அதாவது சுமார் 52 கிலோ. நம் வீட்டுக்கு வரும் 26 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டைச் சேர்த்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் ஆள். இதற்கு மூன்று பவுண்டு கீழே ஒரு பிரிவு, மூன்று பவுண்டு மேலே ஒரு பிரிவு. ஆட்டத்துக்கு முந்தின நாள் தராசில் ஏறி நிற்கும்போது ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கணக்கில் வரும்.

ஹெவிவெயிட் வீரர்களுக்குக் கிடைக்கும் வெளிச்சம் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. முகமது அலியையும் மைக் டைசனையும் தெரியாதவர்கள் குறைவு. 52 கிலோ சாம்பியன் யார் என்று கேட்டால், விளையாட்டுச் செய்தி விடாமல் படிப்பவர்களும் யோசிப்பார்கள்.

அந்த இருட்டிலேயே ஸ்ரீசாகெட் தொடர்ந்து ஆடினார். சிவப்புக்கு மேலே பச்சை வரிசையாக ஏற ஆரம்பித்தது. 2013 மே மாதம், சொந்த மாகாணத்தில், ஜப்பானின் யோட்டா சாட்டோவை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தி டபிள்யூ.பி.சி. உலக பெல்ட்டை வாங்கினார். அடுத்த ஆண்டே மெக்சிகோவில் கார்லோஸ் குவாட்ராஸிடம் அதைப் பறிகொடுத்தார். அந்த ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்டு, அதுவரை வாங்கிய புள்ளிகளின் அடிப்படையில் முடிவு அறிவிக்கப்பட்டது.

அந்த பெல்ட்டை 2016-ல் குவாட்ராஸிடமிருந்து வென்றவர் ரோமன் கோன்சலஸ். 'சாக்லேட்டிட்டோ' என்று ரசிகர்கள் கொண்டாடும் நிகராகுவா வீரர். நான்கு எடைப் பிரிவுகளில் சாம்பியன். 46 ஆட்டங்கள், 46 வெற்றி. உலகிலேயே மிகச் சிறந்த வீரர் என்று பலர் அவரைச் சொன்ன நேரம் அது.

நியூயார்க் இரவு

2017 மார்ச் 18, மேடிசன் ஸ்கொயர் கார்டன். கோன்சலஸுக்கு எதிரே ஸ்ரீசாகெட். முதல் ரவுண்டிலேயே உடம்பில் இறங்கிய ஒரு குத்தில் கோன்சலஸ் கீழே விழுந்தார். அரங்கமே அதிர்ந்துபோனது. பிறகு கோன்சலஸ் எழுந்து ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அது இன்றைக்கும் பேசப்படுகிறது. நடுவில் தலைகள் மோதின. கோன்சலஸின் கண்ணுக்கு மேல் கிழிந்து முகமெல்லாம் ரத்தம். தலையால் மோதியதற்காக ஸ்ரீசாகெட்டுக்கு ஆறாவது ரவுண்டில் ஒரு புள்ளி வெட்டு.

பன்னிரண்டு ரவுண்டு முடிந்து தீர்ப்பு வந்தது. இரண்டு நடுவர்கள் 114-112 என்று ஸ்ரீசாகெட் பக்கம். மூன்றாமவர் 113-113 என்று சமன். முதன்முறையாக கோன்சலஸ் தோற்றார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று அதிகக் குத்துகளைப் பதித்தவர் கோன்சலஸ்தான். அவர்தான் ஜெயித்தார் என்று சொன்னவர்கள் ஏராளம். நானும் அந்த வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை கோன்சலஸ் ஜெயித்த மாதிரி இருந்தது. இரண்டாவது முறை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உலகம் 'அதிர்ஷ்டம்' என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 9, கலிஃபோர்னியாவின் கார்சன் நகரில் மறுபடி மோதினார்கள். இம்முறை நடுவர்களுக்கு வேலையே இல்லை. நான்காவது ரவுண்டில் இரண்டு முறை கோன்சலஸ் விழுந்தார். இரண்டாவது முறை எழவில்லை.

அன்றைய நிகழ்ச்சிக்கு வைத்த பெயர் 'சூப்பர்ஃப்ளை'. யாரும் கண்டுகொள்ளாத எடைப் பிரிவின் பெயரே அமெரிக்க டி.வி. நிகழ்ச்சிக்குத் தலைப்பாக வந்தது!

இதோடு சுபம் போட முடியாது. 2018-ல் மெக்சிகோவின் ஜுவான் பிரான்சிஸ்கோ எஸ்ட்ராடாவை வென்ற ஸ்ரீசாகெட், 2019-ல் அவரிடமே பெல்ட்டை இழந்தார். 2022-ல் 22 வயது ஜெஸ்ஸி ரோட்ரிகஸிடம் எட்டாவது ரவுண்டில் வீழ்ந்தார். மேலேயும் சிவப்பு வந்தது. 'இனி அவ்வளவுதான்' என்று பேசப்பட்ட கோன்சலஸோ, 2020-ல் காலித் யாஃபாயை வீழ்த்தி மறுபடி சாம்பியன் ஆனார்.

டிப்ளமோ படித்தபோது முதல் செமஸ்டரில் எனக்கு இரண்டு அரியர். அப்பா மார்க் ஷீட்டை ஒரு முறை பார்த்தார். எதுவும் சொல்லாமல் பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு வந்த எல்லா மார்க் ஷீட்டும் அதன் மேல்தான் அடுக்கப்பட்டது. இன்றும் அடியில் அதுதான் இருக்கிறது.

இந்த வாரம் யார் வீட்டிலாவது ரிசல்ட்டைப் பார்த்து ஒரு பிள்ளை உம்மென்று உட்கார்ந்திருந்தால், போனில் ஸ்ரீசாகெட்டின் ரெக்கார்டைத் திறந்து கையில் கொடுங்கள். அடியிலிருந்து மேலே படிக்கச் சொல்லுங்கள்.