யார் ரொம்பப் பெரிய வீரர்?



விளையாட்டுப் பீரியட் முடிந்து வகுப்புக்குள் வரும்போது உங்களுக்குள் ஒரு சண்டை நடக்குமே! "சச்சின்தான் பெரிய ஆளு!" என்பான் ஒருவன். "போடா, தோனிதான்!" என்பான் இன்னொருவன். "கோலியை விட்டுட்டீங்களே!" என்று ஒருத்தி நடுவில் புகுவாள். மணி அடித்தாலும் சண்டை ஓயாது. இதற்காக இரண்டு நாள் பேசாமல் இருப்பவர்களும் உண்டு!

அந்த வழக்கை இந்த வாரம் நாமே கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போமா?

எண்களை வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால், முதலில் வந்து நிற்பவர் ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மேன். சிறுவனாக இருந்தபோது, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் மேடை மீது கோல்ஃப் பந்தை எறிவார். அது எகிறித் திரும்பி வரும்போது ஒரு ஸ்டம்பால் அடிப்பார். அப்படியே தனியாகப் பழகியவர். 52 டெஸ்டுகளில் 6,996 ரன்கள் எடுத்தார். சராசரி 99.94! ஐம்பது டெஸ்டுகளுக்கு மேல் ஆடிய வேறு யாருடைய சராசரியும் 61-ஐக்கூடத் தொட்டதில்லை. 1948-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸ் ஆட வந்தார். நான்கே நான்கு ரன் எடுத்து ஆட்டமிழந்திருந்தால் சராசரி நூறு ஆகியிருக்கும். ஆனால், இரண்டாவது பந்திலேயே போல்டாகி, பூஜ்யத்தில் திரும்பினார்!

"அப்போ பிராட்மேன்தான், வழக்கு முடிஞ்சுது!" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

பிராட்மேன் டெஸ்ட் ஆடியது இரண்டே நாடுகளில்: ஆஸ்திரேலியா, இங்கிலாந்து. சச்சினோ 1989 முதல் 2013 வரை பல நாட்டு மைதானங்களில் 200 டெஸ்டுகள் ஆடினார். சர்வதேசப் போட்டிகளில் நூறு சதங்கள் அடித்தார். சரி, சச்சினுக்கே பரிசு கொடுத்துவிடலாமா? பிராட்மேன் காலத்தில் ஹெல்மெட் கிடையாது. மழை பெய்தால் ஆடுகளம் நனைந்து, பந்து கண்டபடி துள்ளும். இருவரையும் ஒரே தராசில் எப்படி நிறுத்துவது?

அதோடு, சண்டை போடும்போது நாம் மட்டை பிடிப்பவர்களைப் பற்றி மட்டும்தானே பேசுகிறோம்? கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரன் 133 டெஸ்டுகளில் 800 விக்கெட் எடுத்தவர். 2010-ல் காலேயில் நடந்த கடைசி டெஸ்டுக்கு வரும்போது அவருக்கு எட்டு விக்கெட் தேவை. எட்டையும் எடுத்துவிட்டுத்தான் விடைபெற்றார். மேற்கிந்தியத் தீவுகளின் கேரி சோபர்ஸ் மட்டையும் பிடித்தார், வேகப்பந்தும் போட்டார், சுழற்பந்தும் போட்டார்! 21 வயதில் 365 ரன்கள் குவித்தும் ஆட்டமிழக்கவில்லை. நம் மிதாலி ராஜ் 2022-ல் ஓய்வு பெற்றபோது ஒருநாள் போட்டிகளில் 7,805 ரன்கள் எடுத்திருந்தார். அதுவரை உலகில் வேறு எந்தப் பெண்ணும் அவ்வளவு எடுத்ததில்லை.

பார்த்தீர்களா? எண்களைக் கூட்டக் கூட்ட, குழப்பம்தான் கூடுகிறது.

இப்போது இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் சண்டையில் இவர் பெயர் வந்திருக்காது. அவர் ஃபிராங்க் வோரல்.

பார்படாஸ் தீவில் 1924-ல் பிறந்தவர். 51 டெஸ்டுகளில் 3,860 ரன்கள், 69 விக்கெட்டுகள். நல்ல கணக்குதான், ஆனால் உலக சாதனை இல்லை. அந்தக் காலத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணியில் திறமையான கறுப்பின வீரர்கள் நிறையப் பேர் இருந்தும், கேப்டன் பதவி பெரும்பாலும் வெள்ளையருக்கே போகும். 1960-ல்தான் அந்த வழக்கம் உடைந்தது. ஒரு தொடர் முழுவதற்கும் கேப்டனாக நியமிக்கப்பட்ட முதல் கறுப்பின வீரர் வோரல்.

அந்த அணி ஆஸ்திரேலியா சென்றது. பிரிஸ்பேனில் நடந்த முதல் டெஸ்டே 'டை' ஆனது. டெஸ்ட் வரலாற்றில் அதுதான் முதல் 'டை'. தொடரை ஆஸ்திரேலியா 2-1 என்று வென்றது. ஆனால் என்ன நடந்தது தெரியுமா? தோற்ற அணியை வழியனுப்ப மெல்பர்ன் நகரமே தெருவுக்கு வந்தது! திறந்த கார்களில் வீரர்கள் ஊர்வலமாகச் செல்ல, மக்கள் கையசைத்து வாழ்த்தினார்கள். அவ்வளவு அழகாக, சண்டை சச்சரவு இல்லாமல் ஆடியிருந்தது வோரலின் அணி.

அடுத்தது 1962. இந்திய அணி பார்படாஸ் போயிருந்தது. உள்ளூர் அணியுடன் ஒரு ஆட்டம். வேகப்பந்து வீச்சாளர் சார்லி கிரிஃபித் வீசிய பந்து, இந்தியக் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் தலையைத் தாக்கியது. மண்டை ஓட்டில் முறிவு. உயிருக்கே ஆபத்து. அவசர அறுவை சிகிச்சை. உடனே இரத்தம் வேண்டும்!

அப்போது இரத்தம் கொடுக்க முன்வந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? எதிரணியின் கேப்டன் வோரல்தான்! சில இந்திய வீரர்களும் கொடுத்தார்கள். கான்ட்ராக்டர் பிழைத்துக்கொண்டார்.

ஐந்தே ஆண்டுகளில், 1967-ல், இரத்தப் புற்றுநோயால் வோரல் இறந்தார். வயது 42தான். அவர் செய்த உதவியை நம் நாடு மறக்கவில்லை. வங்காள கிரிக்கெட் சங்கம் ஆண்டுதோறும் பிப்ரவரி 3 அன்று அவர் பெயரில் கொல்கத்தாவில் இரத்ததான முகாம் நடத்துகிறது.

அப்படியானால் வோரல்தான் எல்லாரிலும் பெரியவரா? அதை நான் சொல்லப் போவதில்லை, நீங்களே வாதாடுங்கள். ஒன்று மட்டும் சொல்வேன். ஸ்கோர் புத்தகத்தில் ரன்னுக்கு ஒரு கட்டம் உண்டு, விக்கெட்டுக்கு ஒரு கட்டம் உண்டு. அடிபட்டவனுக்காகக் கையை நீட்டியதை எழுத அதில் கட்டம் கிடையாது. உங்கள் மார்க் ஷீட்டும் அப்படித்தான்! கணக்கில் எத்தனை என்று சொல்லும். வகுப்பில் மயங்கி விழுந்த தோழிக்குத் தண்ணீர் எடுக்க ஓடியது நீங்கள்தான் என்று சொல்லாது.

அதற்காக எண்கள் வேண்டாம் என்பதில்லை. பிராட்மேன்போல் நாள் முழுக்கப் பழகுங்கள், ரன் குவியுங்கள். ஆனால் அடுத்த முறை சண்டை வரும்போது, "எத்தனை ரன்?" என்பதோடு, "எந்தக் காலத்தில்? எந்தச் சூழலில்? எதிரணியிடம் எப்படி நடந்துகொண்டார்?" என்றும் கேளுங்கள். சண்டை சுவையான பேச்சாக மாறிவிடும்.

இரத்தம் கொடுக்க உங்களுக்கு 18 வயது ஆக வேண்டும். எதிரணிப் பையன் கீழே விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கிவிட எட்டு வயதே போதும். சாயங்காலம் மைதானத்துக்குப் போவீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்