பர்மனென்ட் யார்?

ஓசூர் சிப்காட் பக்கம் ரெண்டு பேர் சந்தித்தால், 'சாப்பிட்டியா?'வுக்கு முன்னால் வருகிற கேள்வி: 'என்னப்பா, பர்மனென்ட் ஆயிட்டியா?'

இதே கேள்வியை அணுவிடமும் கேட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், கோலார் தங்கவயலில்.

முதலில் அணுவுக்குள் யார் யார் என்று பார்த்துவிடலாம். நடுவில் கரு. அதில் புரோட்டான், நியூட்ரான். கருவைச் சுற்றி எலெக்ட்ரான். அணுவின் எடையில் 99.9 சதவீதத்துக்கு மேல் கருவில்தான். ஆனால் அகலத்தில் அது அணுவின் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. புரோட்டான் பிளஸ், எலெக்ட்ரான் மைனஸ். ரெண்டும் சம எண்ணிக்கை. பி.காம். பாஷையில், பாலன்ஸ் ஷீட் டாலி.

அணுவின் ஜாதகமே புரோட்டான் எண்ணிக்கைதான். 79 என்றால் தங்கம். 80 என்றால் பாதரசம். அண்ணி கழுத்துச் செயினுக்கும் பழைய தெர்மாமீட்டருக்கும் ஒரே ஒரு புரோட்டான்தான் வித்தியாசம்!

நியூட்ரான் நம்ம கான்ட்ராக்ட் ஆள் மாதிரி. தங்கக் கருவுக்குள் இருக்கிறவரை பத்திரம். கேட்டுக்கு வெளியே தனியாக விட்டால், சராசரியாகச் சுமார் 15 நிமிஷத்தில் சிதைந்து புரோட்டானாகிவிடும். சரி, புரோட்டான்? அது பர்மனென்ட் என்றே நம்பினார்கள். 1970-களில் ஜோகேஷ் பதி, அப்துஸ் சலாம் போன்றவர்கள், 'அதற்கும் ரிடையர்மென்ட் உண்டு. என்ன, கோடி கோடி வருஷம் ஆகும்' என்கிற மாதிரி ஒரு குண்டைப் போட்டார்கள்.

அதுவரை யார் காத்திருப்பது? ஒரு புரோட்டானைக் கோடி கோடி வருஷம் பார்ப்பதற்குப் பதில், கோடி கோடி புரோட்டான்களைச் சில வருஷம் பார்த்தால் போச்சு! டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானியர்களும் 1980-ல் தங்கவயல் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 140 டன் இரும்பை அடுக்கிவைத்துக் காத்திருந்தார்கள். அவ்வளவு ஆழம் எதற்கு? வானத்திலிருந்து கொட்டும் காஸ்மிக் கதிர்களின் தொந்தரவைப் பாறை தடுத்துவிடும்.

சில தடயங்கள் ஆசை காட்டின. மற்ற நாட்டுச் சோதனைகளில் ஊர்ஜிதமாகவில்லை. இன்றுவரை புரோட்டான் சாவதை யாரும் உறுதியாகப் பார்த்ததில்லை. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே கணக்கில், விஞ்ஞானிகள் முக்கியமாக எதிர்பார்த்த வழியில் சிதைவதென்றால், 1-க்குப் பின்னால் 34 சைபர் போட்ட வருஷங்களுக்கும் மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி வருஷம்தான்!

தங்கவயல் சுரங்கத்தை 2001-ல் மூடிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அதில் இறங்கி உழைத்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். சர்க்கார் கம்பெனி, பர்மனென்ட் என்று நம்பியவர்கள்.

புரோட்டான் இன்னும் வேலையில்தான் இருக்கிறது.