கொரியா நமக்குச் சம்பந்தியா?

மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில், சிவகிரிக்கு அருகே இருப்பது ராயகிரி. உலகத்துச் சங்கதிகள் அங்கே போய்ச் சேரச் சில நாள் பிடித்த காலமும் உண்டு. இப்போதோ, கொரியா தேசத்து நாடகங்கள் கைப்பேசி வழியாக இம்மாதிரி ஊர்களின் திண்ணைக்கே வந்துவிட்டன. நாடகத்துப் பெண் தகப்பனாரை "அப்பா" என்று கூப்பிடுகிறாள். தாயாரை "ஒம்மா" என்கிறாள். கேட்கிறவர்களுக்குத் திடுக்கென்றிருக்கிறது. "இது நம் பாஷையல்லவா? இவர்கள் நமக்கு என்ன உறவு?" என்ற கேள்வி எழுவதில் ஆச்சரியமில்லை.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் நாமல்லர். கொரியாவுக்குச் சென்ற பிரெஞ்சுப் பாதிரிமார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்தார்கள். பிறகு, 1886-இல் கொரியாவுக்கு உபாத்தியாயராகப் போன ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், கொரிய மொழியின் இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு 1905-இல் ஒரு நூலே வெளியிட்டார். அவர் காட்டிய ஒற்றுமைகள் பொய்யல்ல. நம்மைப் போலவே கொரியரும் வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைக்கிறார்கள். வேற்றுமை உருபைப் பெயருக்குப் பின்னால் சேர்க்கிறார்கள். பெரியவர்களிடம் பேசும்போது வினைச்சொல்லுக்கே மரியாதை உடை உடுத்துகிறார்கள். "என் அம்மா" என்னாமல் "எங்கள் அம்மா" என்கிறார்கள். புல்லுக்கு அவர்கள் சொல் "புல்", நாளுக்கு "நல்".

இவ்வளவு போதாதென்று ஒரு கல்யாணக் கதையும் இருக்கிறது. இர்யோன் என்ற பௌத்த பிக்ஷு சுமார் 1281-இல் தொகுத்த "சாம்குக் யூசா" என்ற நூல் சொல்லும் கதை அது. கி.பி. 48-ஆம் வருஷம் "ஆயுத்த" என்ற தேசத்திலிருந்து பதினாறு வயது ராஜகுமாரி ஒருத்தி கப்பலேறி வந்து, கொரியாவின் தென்கோடியில் காயா நாட்டை ஆண்ட சூரோ மன்னனை மணந்தாளாம். அவள் பெயர் ஹோ ஹ்வாங்-ஓக். பிறந்த புதல்வர்களில் இருவருக்குத் தாயின் குலப் பெயரே கொடுக்கப்பட்டதாம். கிம்ஹே நகரத்துக் கிம் குலத்தாரும் ஹோ குலத்தாரும் இன்றைக்கும் தங்களை அவள் சந்ததியென்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாயிற்றே என்று ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து வாங்குவதில்லை என்பது வழக்கம்.

அந்த ஆயுத்த தேசம் எது? அயோத்தி என்கிறார்கள் வடநாட்டார். 2001-இல் அந்த நகரில் ராணிக்கு ஒரு ஞாபகச் சின்னமும் எழுந்தது. நம்மவர்கள் சிலர் விடுவார்களா? ஆயுத்த என்பது ஆய் நாடுதான், பாண்டியனின் மீன் கொடிக்கும் கிம்ஹேயில் காணும் இரட்டை மீன் சின்னத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று வாதிக்கிறார்கள். பொதிய மலைக்கு உரியவன் என்று சங்கப் புலவர்கள் பாடிய ஆய் வள்ளலின் ஆய்குடி, தென்காசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியானால் பெண் கொடுத்தவர்கள் தென்காசிச் சீமைக்காரர்கள்! ராயகிரியார் தாராளமாக மீசையை முறுக்கிக்கொள்ளலாம்.

முறுக்குமுன் சற்று நிதானிப்போம்.

கல்யாணம் நடந்ததாகச் சொல்லும் வருஷத்துக்கும் நூல் எழுந்த வருஷத்துக்கும் நடுவே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன. நூலாசிரியர் எடுத்தாண்ட பழைய குறிப்பும் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்ததே. அதில் உள்ள "ஆயுத்த" என்ற சீன எழுத்துக்கள், பௌத்த நூல்களில் அயோத்திக்கு வழங்குபவை. புத்தர் பிறந்த தேசத்தோடு தங்கள் அரச குலத்தைப் பிணைத்துக்கொள்ளப் பிற்காலத்துப் பக்தர்கள் ஆசைப்பட்டிருக்கலாம் என்று சரித்திரக்காரர்கள் பலர் கருதுகிறார்கள். கதை அழகானதுதான், ஆனால் கதையைக் கொண்டு பத்திரம் எழுத முடியாது.

சொற்களின் சாட்சியமும் அப்படித்தான். ஆங்கிலேயர் "எயிட்" என்பதும் நாம் "எட்டு" என்பதும் ஒலியில் எவ்வளவு நெருக்கம்! ஆனால் ஆங்கிலச் சொல் "அஷ்ட" என்ற வடசொல்லுக்குத் தமக்கை. நம் சொல்லுக்கு அந்தக் குடும்பத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்பா, அம்மா என்பவையோ உதடுகளை மூடித் திறந்தாலே குழந்தை வாயில் வந்துவிடும் ஒலிகள். எத்தனையோ தேசத்துக் குழந்தைகளுக்கு அவை பொது. உண்மையான உறவைச் சோதிக்க எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். கன்னடக்காரர் "ஒந்து, எரடு, மூறு" என்றதும் நம் உடன்பிறப்பென்று தெரிந்துவிடுகிறது. கொரியரோ "ஹனா, தூல், சேத்" என்கிறார்கள்.

இன்னொரு சோதனை நம் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. நமக்குத் தாய்மாமன் இல்லாமல் காதுகுத்து உண்டா? அத்தை மகனும் மாமன் மகளும் முறைப்படி மணமக்கள். மாமா என்ற ஒரே சொல் அம்மாவின் சகோதரனுக்கும் பெண் கொடுத்தவருக்கும் பொருந்துவது அதனால்தான். கொரியாவிலோ மாமன் மகளை மணப்பது கனவிலும் நினைக்கத் தகாத காரியம். தாய்வழி உறவினரின் பெயருக்கு முன்னால் "வெளி" என்று பொருள்படும் அடைமொழி ஒன்றைச் சேர்ப்பார்கள். நம்மிடமிருந்து "அப்பா"வை எடுத்துக்கொண்டு போனவர்கள், மாமாவை மட்டும் கரையிலேயே விட்டுவிட்டா கப்பலேறியிருப்பார்கள்?

ஆகவே, இன்றைய மொழி நூலார் கொரிய மொழியை, ஜேஜு தீவில் வழங்கும் பேச்சோடு சேர்த்துத் தனிக் குடும்பமாகவே வைக்கிறார்கள். நாம் கண்ட இலக்கண ஒற்றுமைகள் ஜப்பானியம், மங்கோலியம், துருக்கியம் ஆகியவற்றிலும் காணப்படுகின்றன. கொரிய மக்களும் வடகிழக்கு ஆசியாவின் பழங்குடிகளிலிருந்து கிளைத்தவர்களே. அவர்களுடைய சொந்தப் புராணம், கரடியாயிருந்து விரதம் காத்துப் பெண்ணுருப் பெற்ற ஒருத்தியின் மகனான தங்குன், கி.மு. 2333-இல் முதல் ராஜ்யத்தை ஸ்தாபித்தான் என்கிறது.

அப்படியானால் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ரத்தத்தில் தேடியதை வேறிடத்தில் தேடவேண்டும்.

கொரியர் வெகு காலம் சீன எழுத்திலேயே எழுதிவந்தார்கள். அதைக் கற்பதற்கு வருஷக்கணக்கில் ஓய்வு வேண்டும். ஏழைக்கு அது ஏது? சேஜோங் என்ற அரசர் 1443-இல் இருபத்தெட்டு எழுத்துக்களைப் புதிதாக வகுத்து, 1446-இல் ஜனங்களுக்கு அளித்தார். நாக்கின் அடி தொண்டையை அடைப்பது, நுனி மேலே தொடுவது, உதடு மூடுவது ஆகிய நிலைகளின் வடிவமே மெய்யெழுத்தின் வடிவம். எழுத்து எங்கே பிறக்கிறது என்று தொல்காப்பியர் பிறப்பியலில் நுணுகி ஆராய்ந்தாரே, அதே ஆராய்ச்சி அங்கே கோடுகளாக உருவெடுத்தது. பண்டிதர்கள் எதிர்த்தார்கள், அரசர் அசையவில்லை. பெண்களும் சாமானியரும் அந்த எழுத்தைக் காப்பாற்றினார்கள்.

1910-இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. 1919 மார்ச் 1-ஆம் தேதி கொரியர் சுதந்திரப் பிரகடனம் செய்து வீதிக்கு வந்தார்கள். அடுத்த மாதம் நம் நாட்டில் ரௌலட் சட்ட எதிர்ப்பும் ஜாலியன்வாலாபாக் படுகொலையும் நிகழ்ந்தன. பிறகு பள்ளிக்கூடங்களிலிருந்து கொரிய மொழி துரத்தப்பட்டது. 1940 முதல் சொந்தப் பெயரையே ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ளும்படி நெருக்கினார்கள். அந்தச் சமயத்தில் கொரிய மொழிச் சங்கத்தார் ஓர் அகராதி தயாரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகோள் விடுத்து, ஊர் ஊராக வழங்கும் சொற்களைத் திரட்டினார்கள். 1942-இல் ஜப்பானியப் போலீஸார் அவர்களைப் பிடித்தனர். 33 பேர் வழக்கில் சிக்கினார்கள். இருவர் சிறையிலேயே உயிர் நீத்தார்கள். கையெழுத்துப் பிரதி பறிபோயிற்று. 1945 ஆகஸ்டு 15-இல் விடுதலை வந்தது. அடுத்த மாதம், ஸியோல் ரயில் நிலையத்துக் கிடங்கில் அந்தக் காகிதக் கட்டுகள் அகப்பட்டன! முதல் தொகுதி 1947-இல் அச்சேறியது. ஆறாவது தொகுதியோடு 1957-இல் வேலை பூர்த்தியாயிற்று.

நம் சென்னைச் சர்வகலாசாலையின் பேரகராதி 1924-க்கும் 1936-க்கும் இடையே வெளிவந்தது. அதற்காக ஒருவரும் சிறை செல்ல நேரவில்லை. அந்தப் பாக்கியத்தை நாம் எப்படிப் பயன்படுத்தினோம்? கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் சீமைப் பேச்சைத் திரட்டி 1982-இல் ஒரு வட்டார வழக்கு அகராதி வெளியிட்டார். அவரைப் போல் இன்னும் பலர் வேண்டும். மடை, மறுகால், வாமடை, பொழி என்று குளத்தையும் வயலையும் சுற்றி வளர்ந்த சொற்கள் எத்தனை! குளத்துப் பாசனம் குறையக் குறைய அவையும் நாவை விட்டு இறங்கிவிடும்.

"அப்பா" என்ற சொல்லைக் கொரியாவுக்கு நாம் கொடுத்தோமா என்று ஆயிரம் கூட்டம் போட்டு விவாதிக்கலாம். அந்த நேரத்தில் ஒரு பங்கைத் தாத்தாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் வாயிலிருக்கும் சொற்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வதில் செலவிட்டால், அதுதான் கொரியரோடு நாம் கொண்டாடக்கூடிய உண்மையான உறவாக இருக்கும்.