ரசிகராற்றுப்படை

பாடகரின் குரலைப் பாதுகாக்க ஒலிநாடா போதும். அவருடைய கச்சேரியைப் பாதுகாக்க, நேரில் கேட்டவர்கள் வேண்டும். சென்னைவாசிகளுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஒரு கச்சேரி தவறிப்போனால் இன்னொன்று. அந்தமானின் ஃபீனிக்ஸ் பேயில் கணக்கு வேறு. நடுவே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். கப்பலில் போனால் மூன்று நாள்.

2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் இருக்கிறது ஃபீனிக்ஸ் பே. தீவுகளுக்கிடையே ஓடும் படகுகள் புறப்படும் துறை அதுதான். கப்பல் பழுதுபார்க்கும் தளமும் அங்கே உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். தெலுங்கு 13 சதவீதம் பேருக்கு. பொதுவில் புழங்குவது இந்தி. இப்படிப்பட்ட ஊரில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்குச் சொந்தம் கொண்டாட மூன்று தரப்புகள். தமிழர்களுக்கு எஸ்.பி.பி., தெலுங்கர்களுக்கு பாலு, மற்றவர்களுக்கு 'ஏக் துஜே கே லியே' (1981), 'மைனே பியார் கியா' (1989) படங்களின் குரல்.

ஆனால் தீவில் இருந்துகொண்டு அவரை நேரில் கேட்பது எப்படி? கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ கரைக்குப் போன இடத்தில் கச்சேரி வாய்த்தால் அது அதிர்ஷ்டம். வாய்த்தவர் திரும்பி வந்து வாய்க்காதவருக்குச் சொல்ல வேண்டும். தமிழுக்கு இது புதிதல்ல. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிர்ப்படும் இன்னொரு பாணனிடம் வள்ளலைப் பற்றிச் சொல்லி வழிகாட்டுவதை ஆற்றுப்படை என்றார்கள். பத்துப்பாட்டில் சரிபாதி அந்த வகைதான்.

எஸ்.பி.பி. ரசிகர்கள் சொல்வதில் 'நன்றாகப் பாடினார்' என்பது அநேகமாக இருக்காது. அதுதான் தெரிந்த விஷயமாயிற்றே. பாட்டுக்கு முன்னால் கவிஞரையும் இசையமைப்பாளரையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தது, வாத்தியக்காரருக்குக் கைதட்டல் வாங்கிக்கொடுத்தது, வரிக்கு நடுவே சிரித்தது என்று போகும். 1969இல் வெளிவந்த 'அடிமைப்பெண்' படத்துக்காக, டைபாய்டில் படுத்திருந்த இளைஞன் தேறி வரும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்த கதையும் வரும். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் அவர் வாயால் கேட்டேன் என்பதில் ஒரு பெருமை.

'கேளடி கண்மணி' (1990) படத்தில் மூச்சுவிடாமல் பாடும் சரணத்தை மேடையில் பாடும்போது மூச்சு வாங்கினாரா இல்லையா என்பது தீராத வழக்கு. ஒரே அரங்கில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் இரண்டு விதமாகச் சத்தியம் செய்வார்கள்.

வழக்கு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2017இல் அவருடைய 50 ஆண்டு நிறைவுச் சுற்றுப்பயணத்தின்போது, அனுமதியின்றித் தன் பாடல்களைப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். 2019இல் இருவரும் மறுபடி ஒரே மேடைக்கு வந்தது தனிக்கதை. பாடும் உரிமை யாருடையது என்று சட்டம் சொல்லட்டும். கேட்டதை நினைவில் வைத்துக்கொள்ளவும் அடுத்தவருக்குச் சொல்லவும் யாரும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

2020 ஆகஸ்ட் 5 அன்று கொரோனாவுடன் எஸ்.பி.பி. சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தார். ஆகஸ்ட் 10 அன்று, சென்னையிலிருந்து அந்தமானுக்கு சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்தில் போடப்பட்ட கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோளை நம்பி இணையத்தில் ஊர்ந்துகொண்டிருந்த தீவு, கச்சேரிக் காட்சிகளைத் தடங்கலின்றிப் பார்க்க வழி பிறந்தது. செப்டம்பர் 25 அன்று அவர் மறைந்தார். நாற்பத்தாறு நாள் இடைவெளி.

இப்போது எல்லாம் கைபேசியில் கிடைக்கிறதே, கேட்டவர் சொல்வது எதற்கு என்று கேட்கலாம். கேமராவை எங்கே நீட்டினார்களோ அதுதான் காட்சியில் இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரர் எந்தப் பாட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கடைசிப் பாட்டு முடிந்தபிறகும் கூட்டம் ஏன் எழுந்திருக்கவில்லை என்பதெல்லாம் அதில் இல்லை. அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள். எந்த ஊர், எந்த வருஷம், எந்தப் பாட்டுக்கு முன்னால் என்ன சொன்னார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். கொஞ்சம் மிகைப்படுத்துவார்கள், பரவாயில்லை, பாணர்களும் அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம். ஆற்றுப்படையில் வழி கேட்டவன் கிளம்பிப் போய் வள்ளலைப் பார்க்கலாம். நமக்கு வழி சொல்பவர்கள் மட்டும் மிச்சம்.