பீசா கோபுரமும் எங்க ஊர் ஷாஃப்டும்

போன கோடையில் ஃப்ளோரன்ஸிலிருந்து ஒருநாள் பஸ் டூர். சிங்க்வே தெர்ரே, அப்புறம் பீசா. கடலோரக் கிராமங்கள் அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா கைடு அம்மா அதிகம் பேசினது கடலைப் பற்றி இல்லீங்க. சாந்தே இல்லாமல் கல் அடுக்கி, மலைச்சரிவில் குடியானவர்கள் கட்டின சுவர்களைப் பற்றி. 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் வாங்கிக் கொடுத்ததில் அந்தச் சுவர்களுக்கும் பங்கு உண்டு. நம்மவர்கள் ஆகா ஓகோ என்று போட்டோ எடுத்துத் தள்ளினார்கள்.

எனக்கு மாரிகுப்பம் ஞாபகம். சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தோண்டினது யாரு? வட ஆற்காட்டிலிருந்து வந்த நம்ம தாத்தாக்கள். 2001 பிப்ரவரியில் மைன்ஸை மூடினார்கள். பம்ப் நின்றது, தண்ணீர் நிரம்பியது. கிட்டத்தட்ட 12 வருஷம் பூட்டி வைத்து, சாய்வைக் குறைத்து, பீசா கோபுரத்தைத் திறந்ததும் அதே 2001 டிசம்பரில்தான்!

"அங்க என்ன சார் இருக்கு, சயனைடு மேடுதானே?" என்றார் கூட வந்த நண்பர். பெங்களூரிலிருந்து வேன் பிடித்து கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்களும் மைன்ஸ் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அவர்களை ஏன் சொல்லணும்? லீவுக்கு ஊருக்குப் போனால் நானே பிள்ளைகளை மாலுக்குத்தானே கூட்டிப் போனேன்!

சாயாமல் நிற்கிற ஷாஃப்ட் கோபுரங்கள் இருக்கு சார். ஒன்றையாவது துரு நீக்கித் திறந்து விடுங்கள். கீழே இறங்கி வேலை செய்த பெரியவர்களையே சம்பளம் கொடுத்துக் கைடாக வையுங்கள். பீசாவில் யூரோவை எண்ணிக் கொடுத்தவன், ஊரில் ஐநூறு ரூபாய் டிக்கெட் எடுக்க மாட்டேனா?