கோவிலைக் காணோம்!
கல்லை இழக்கும் ஆர்மீனியர்கள்

2023-ம் ஆண்டு டிசம்பர் கடைசியில் அந்தக் கிறிஸ்தவ கோவில் இருந்தது.

2024-ம் ஆண்டு ஏப்ரல் முதல் வாரத்தில் அது இல்லை!

ஊரின் பெயர் ஷூஷி. கரபாக் மலை நாட்டில் இருக்கிறது. கோவில் 1847-ல் ஆர்மீனியர்கள் கட்டியது. கோபுரம் பச்சை நிறம். அதனால் "பச்சைக் கோவில்" என்று பெயர்.

"கோவிலைக் காணோம்" என்று கூச்சல் போட அங்கே ஆர்மீனியக் குடும்பம் ஒன்றுகூட இல்லை. வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்தான் காட்டிக் கொடுத்தது. அது எடுத்த படங்களை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முதல் படத்தில் கோவில். அடுத்த படத்தில் வெறும் தரை.

யார் இவர்கள்?

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே ஒரு சிறிய மலை நாடு. அதுதான் ஆர்மீனியா. மேற்கே துருக்கி, கிழக்கே அசர்பைஜான், தெற்கே ஈரான். ஜனத்தொகை சுமார் 30 லட்சம். 1991 வரை சோவியத் நாட்டின் ஒரு பகுதியாக இருந்தது.

நாடு சிறியது. சரித்திரம் பெரியது. உலகில் முதன் முதலாகக் கிறிஸ்தவ மதத்தை அரசாங்க மதமாக ஏற்ற நாடு இதுவே. அது 301-ம் ஆண்டு என்று சொல்கிறார்கள். 405-ம் ஆண்டில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி இவர்களுக்கென்று 36 எழுத்துக்களை உண்டாக்கினார். பிறகு சில எழுத்துக்கள் சேர்ந்தன. இன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதையே படிக்கிறார்கள்.

இவர்களுடைய இன்னொரு கலை, சிலுவைக் கல். ஆள் உயரக் கல்லை நிறுத்தி, நடுவே சிலுவை செதுக்குவார்கள். சுற்றிலும் கொடி, பூ, திராட்சைக் குலை. பாய் பின்னியதுபோல் கல்லிலே பின்னல்! ஒரு கல்லைப்போல் இன்னொரு கல் இருக்காது. இறந்தவர்களுக்காகவும் நடுவார்கள், யுத்தத்தில் ஜெயித்தாலும் நடுவார்கள். இந்தக் கைத்தொழிலை 2010-ல் ஐ.நா.வின் கலாசார ஸ்தாபனமான யுனெஸ்கோ மனித குலத்தின் சொத்து என்று பட்டியலில் சேர்த்தது.

ஆனால், இவர்களுடைய பெருமைகளில் பாதி இன்று அடுத்த வீட்டில் இருக்கிறது! ஆயிரம் ஆண்டுக்கு முன் தலைநகரமாக விளங்கிய ஆனி, ஆற்றுக்கு அக்கரையில் துருக்கியில் பாழடைந்து கிடக்கிறது. இவர்கள் புனிதமாகப் போற்றும் அரராத் மலையும் துருக்கியில்தான். உயரம் சுமார் 16,850 அடி. தலைநகர் யெரவானில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். எல்லை தாண்டிப் போக முடியாது.

28 கிலோ புத்தகம்

1915-ம் ஆண்டு. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. துருக்கி சாம்ராஜ்யத்தில் இருந்த ஆர்மீனியர்களை வீட்டைவிட்டு விரட்டினார்கள். வழியெல்லாம் கொலை, பசி, நோய். பத்து லட்சம் பேருக்கு மேல் மாண்டதாகச் சரித்திர ஆசிரியர்கள் பலர் கணக்கிட்டிருக்கிறார்கள். அது இனப்படுகொலை என்பதைத் துருக்கி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போது மூஷ் என்ற ஊரின் மடத்தில் ஒரு புத்தகம் இருந்தது. 1200-க்கும் 1202-க்கும் இடையே கையால் எழுதியது. காகிதம் அல்ல, கன்றுத் தோல். எடை 28 கிலோ! அதை ஒரு தடவை கொள்ளைக்காரர்கள் தூக்கிப் போனபோது, ஜனங்கள் 4 ஆயிரம் வெள்ளிக் காசு வசூல் செய்து கொடுத்து மீட்டார்களாம்.

மடம் பாழான பிறகு இரண்டு பெண்கள் அதைக் கண்டெடுத்தார்கள். தப்பி ஓடுகிறவர்கள் துணிமணியை எடுப்பார்கள், நகையை எடுப்பார்கள். இவர்கள் புத்தகத்தை எடுத்தார்கள். ஒருத்தியால் சுமக்க முடியவில்லை. இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதியாகச் சுமந்தார்கள். ஒருத்தி தன் பாதியை ஆர்மீனியாவுக்குக் கொண்டு சேர்த்தாள். இன்னொருத்தி வழியில் இறந்துபோனாள். இறப்பதற்குமுன் தன் பாதியை ஒரு மடத்தில் புதைத்து வைத்தாள். அதுவும் பின்னால் கிடைத்தது.

இரண்டு பாதியும் இன்று யெரவானில் மாதேனதரான் என்ற ஏட்டுச் சாலையில் சேர்ந்து இருக்கின்றன. அங்கே சுமார் 23 ஆயிரம் கையெழுத்துப் பிரதிகள் உள்ளன.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். கோவிலை எப்படித் தூக்குவது? இன்றைய தகராறு அதுதான்.

ஜூல்பாவில் நடந்தது

ஆராஸ் ஆற்றங்கரையில் ஜூல்பா என்ற வியாபார ஊர். 1604, 1605-ம் ஆண்டுகளில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் இந்த ஊர்க்காரர்களை அப்படியே பெயர்த்து, தன் தலைநகர் இஸ்பகானுக்குக் கொண்டுபோனார். அங்கே "புது ஜூல்பா" என்று குடியேறினார்கள். உலகமெங்கும் வியாபாரத்துக்குப் போனார்கள்.

சென்னைக்கும் வந்தார்கள்! பாரிமுனைக்கு அருகில் உள்ள ஆர்மீனியன் தெரு அவர்கள் பெயர் கொண்டதுதான். அங்கே 1772-ல் எழுந்த அவர்களுடைய கோவில் இன்றும் நிற்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726-ல் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டியவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை அச்சானதும் 1794-ல் சென்னையில்தான்.

பழைய ஜூல்பாவில் மிஞ்சியது இடுகாடு. அங்கே 10 ஆயிரம் சிலுவைக் கற்கள் நின்றதாக 17-ம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சுப் பாதிரியார் எழுதினார். 1998-ல் சுமார் 2,700 மிச்சம். அந்த இடம் இப்போது அசர்பைஜானுக்குச் சொந்தமான நகிச்செவான் பகுதி.

2005 டிசம்பரில் சிப்பாய்கள் சம்மட்டியோடு வந்தார்கள். கற்களை உடைத்து ஆற்றில் கொட்டினார்கள். அக்கரையில், ஈரானில் இருந்தவர்கள் அதைப் படம் பிடித்தார்கள். "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்றது அசர்பைஜான் சர்க்கார். பார்வையிட வந்த ஐரோப்பியப் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. நகிச்செவானில் மட்டும் 110 ஆர்மீனியச் சின்னங்களில் 108 தரைமட்டமானதை 2022-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர்.

கரபாக்கில் இதே கதி நேருமோ என்று பயப்படுவதற்குக் காரணம் இதுவே.

ஒரு லட்சம் பேர்

உலக நாடுகளின் கணக்கில் கரபாக் அசர்பைஜானைச் சேர்ந்தது. அங்கே 2023 வரை பெரும்பாலோர் ஆர்மீனியர்களாக இருந்தார்கள். 1994-ல் ஓய்ந்த யுத்தத்தில் ஆர்மீனியர் கை ஓங்கியது. 2020-ல் 44 நாள் யுத்தத்தில் அசர்பைஜான் ஜெயித்தது. கெல்பஜார் பகுதியைக் காலி செய்த ஆர்மீனியர் சிலர் தங்கள் வீட்டுக்குத் தாங்களே தீ வைத்துவிட்டுப் போனார்கள்! ததிவாங்க் மடத்தின் மணிகளைத் துறவிகள் கழற்றிக்கொண்டார்கள்.

2023 செப்டம்பர் 19-ந் தேதி மறுபடியும் தாக்குதல். மறுநாள் ஆர்மீனியர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டார்கள். சில நாட்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் ஊரைக் காலி செய்தார்கள். கோவில்கள் தனியே நின்றன.

அசர்பைஜான் என்ன சொல்கிறது? "இவற்றில் பல, பழங்கால அல்பேனியர் என்ற காக்கசஸ் மக்கள் கட்டியவை, ஆர்மீனியர் பின்னால் எழுத்தைச் செதுக்கிவிட்டார்கள்" என்கிறது. சரித்திர ஆசிரியர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. அதன் இன்னொரு புகாரை அப்படித் தள்ள முடியாது. 1993-ல் ஆர்மீனியர் பிடித்த அக்தாம் நகரம் அடியோடு பாழானது. மசூதிக்குள் மாடுகள் நின்றன. லட்சக்கணக்கான அசர்பைஜானியரும் அந்த யுத்தத்தில் வீடு இழந்தார்கள். அதற்காகப் பச்சைக் கோவிலை இடித்தது நியாயம் ஆகிவிடுமா?

கோர்ட்டும் ஒப்பந்தமும்

2021 டிசம்பர் 7-ந் தேதி உலகக் கோர்ட்டு அசர்பைஜானுக்கு ஓர் உத்தரவு போட்டது. "ஆர்மீனியர்களின் கோவில், கல்லறை ஆகியவற்றைச் சேதப்படுத்தாமல் தடுக்க வேண்டும், சேதப்படுத்துகிறவர்களைத் தண்டிக்க வேண்டும்" என்பது உத்தரவின் சாரம். அதற்குப் பிறகுதான் பச்சைக் கோவில் போனது.

2025 ஆகஸ்டு 8-ந் தேதி வாஷிங்டனில் இரு நாட்டுத் தலைவர்களும் கை குலுக்கினார்கள். சமாதான ஒப்பந்தத்தின் வாசகத்தில் வெளிநாட்டு மந்திரிகள் சுருக்கொப்பம் இட்டார்கள். அதில் 17 பிரிவுகள். ஒப்பந்தம் அமலுக்கு வந்த ஒரு மாதத்துக்குள் இரு தரப்பும் சர்வதேசக் கோர்ட்டுகளில் போட்ட வழக்குகளை வாபஸ் வாங்க வேண்டும் என்பது அதில் ஒன்று. கோவில்களைக் காப்பதற்கு என்று தனிப் பிரிவு கிடையாது.

வழக்கு போனால், உத்தரவும் போய்விடும்!

ஆர்மீனிய சர்க்காருக்கு இது தெரியாதது அல்ல. யுத்தத்தில் தோற்ற சிறிய நாடு. எல்லையில் துப்பாக்கி ஓய்ந்தால் போதும் என்று இறங்கி வந்திருக்கிறது. அதைக் குறை சொல்வதும் எளிதல்ல. ஆனால் கரபாக்கிலிருந்து வந்தவர்களில் பலர் இதை ஏற்கவில்லை. அவர்கள் அம்மா, அப்பாவைப் புதைத்த இடம் அங்கே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குக்கூட ஒப்பந்தத்தில் வழி சொல்லப்படவில்லை.