அலங்காரம் நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு

டிசம்பர் பிறந்துவிட்டால் கைபேசித் திரை முழுக்க வெள்ளையும் தங்கமுமாக மின்னத் தொடங்கிவிடுகிறது. மொட்டை மாடியில் சீரியல் லைட் கட்டுவது எப்படி, எட்டுப் பேர் உட்காரும் விருந்து மேசையில் மெழுகுவர்த்தியை எங்கே வைப்பது, நாப்கினை எப்படி மடிப்பது என்று ரீல்ஸுக்கு மேல் ரீல்ஸ். நட்சத்திர விடுதிகளில் உலர்பழத்தையும் ரம்மையும் ஒரு பெரிய தொட்டியில் கொட்டி, தொப்பியும் கையுறையும் அணிந்த விருந்தினர்கள் கலப்பதை ஒரு விழாவாகவே நடத்துகிறார்கள். இன்னொரு பக்கம் சபா சீசன். எந்தக் கச்சேரிக்கு எந்தப் பட்டுப்புடவை, எந்த கேன்டீனில் எந்த டிபன் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன.

இதே நாட்களில்தான் நம் மாணவத் தோழர்களும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். டிசம்பர் 6 அண்ணல் நினைவு நாள். டிசம்பர் 25 மனுஸ்மிருதி எரிப்பு நாள், அதே நாள் வெண்மணி நாள். ஜனவரி 1 பீமா கோரேகான். ஒரு மாதத்துக்குள் இத்தனை நிகழ்ச்சி. ஆனால் திட்டமிடும் கூட்டத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண் தோழர், 'மேடையைக் கொஞ்சம் அழகா பண்ணலாமே' என்று சொன்னால் போதும். 'கருத்துதான தோழர் முக்கியம், அலங்காரம்லாம் நமக்கெதுக்கு?' என்று உடனே பதில் வரும். கடைசியில் ஒரு ஃபிளெக்ஸ், ஒரு மைக் செட், வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி. முடிந்தது.

இந்தப் பதிலை நாம் ஏற்கவில்லை. சிக்கனத்தை மதிக்கிறோம், ஆடம்பரத்தின் மீதுள்ள வெறுப்பும் நியாயம்தான். ஆனால் அழகு நமக்கு வேண்டாத விஷயம் என்று முதலில் சொன்னவர்கள் யார் என்று பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தைச் சொல்லுவோம்.

1930 டிசம்பர். ராமநாதபுரம் பகுதியின் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைப் பதிவுசெய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் சட்டையோ பனியனோ போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாக விரிந்தபோது அதில் கல்யாணமும் சேர்ந்துகொண்டது. மேளம் வைக்கக் கூடாது, மாப்பிள்ளை குதிரையில் வரக் கூடாது, பல்லக்குக்குப் பதில் வீட்டுக் கதவைத்தான் கழற்றிப் பயன்படுத்த வேண்டும்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். உடை, பூ, பாத்திரம், இசை, ஊர்வலம். இன்று ஒரு ஈவன்ட் டிசைனர் கட்டணம் வாங்கிக்கொண்டு கவனிக்கும் அத்தனை விஷயமும் இதில் இருக்கிறது. நிலத்தையும் கூலியையும் கட்டுப்படுத்தியவர்கள் பூவை ஏன் விட்டுவைக்கவில்லை? நன்றாக உடுத்தி, நான்கு பேரை அழைத்து, நல்ல பாத்திரத்தில் பரிமாறும் மனிதரைத் தாழ்ந்தவர் என்று நம்புவது பார்ப்பவருக்குக் கடினம். பரிமாறுபவருக்கே அது இன்னும் கடினம். சாதிக்கு இது தெரியும்.

விருந்து விஷயத்திலும் அப்படித்தான். 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் சொல்லும் சக்வாரா சம்பவத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். 1936இல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் புனிதப் பயணம் போய் வந்த ஒரு தீண்டப்படாதவர் தன் மக்களுக்கு விருந்து வைத்தார். நெய் பரிமாறினார். பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே நூற்றுக்கணக்கானோர் தடியோடு வந்து சாப்பாட்டைப் பாழாக்கி, உட்கார்ந்திருந்தவர்களை அடித்தார்கள். நெய் அவருடையது, காசும் அவருடையது, விருந்தினரும் அவருடைய ஆட்களே. அடிக்க வந்தவர்களுக்கு அதில் எந்த நஷ்டமும் இல்லை. நெய் பரிமாறும் தகுதி இவர்களுக்கு வந்துவிட்டது என்பதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே 'கருத்துதான் முக்கியம்' என்று சொல்லும் தோழரை நாம் மகாடுக்கு அழைத்துப் போக விரும்புகிறோம். 1927 டிசம்பர் 25. மாநாட்டுக்கு இடம் கொடுக்க ஆளில்லாதபோது ஃபத்தேகான் என்ற முஸ்லிம் பெரியவர் தன் நிலத்தைக் கொடுத்தார். மனுஸ்மிருதியை எரிக்க அங்கே செய்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். ஏதோ ஒரு மூலையில் குப்பையைக் கொளுத்துவது போல அதைக் கொளுத்தவில்லை. ஒன்றரை அடி சதுரத்தில் அரையடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினார்கள். அதைச் சந்தனக் கட்டைகளால் நிரப்பினார்கள். நான்கு மூலையிலும் கம்பம் நட்டு, தீண்டாமையை ஒழிக்கவும் பார்ப்பனியத்தைப் புதைக்கவும் அழைக்கும் பதாகைகளைக் கட்டினார்கள். இரவு ஒன்பது மணிக்கு, தீர்மானத்தை முன்மொழிந்த சஹஸ்ரபுத்தேயும் தீண்டப்படாத சமூகத்துச் சாதுக்கள் சிலரும் புத்தகத்தை நெருப்பில் இட்டார்கள். வேள்விக் குண்டத்தின் வடிவத்தை எடுத்து, அந்த வேள்வியை நடத்தியவர்களின் சட்டநூலையே அதற்கு இரையாக்கினார்கள். சந்தனக் கட்டைக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தாலும் புத்தகம் எரிந்திருக்கும். ஆனால் நூறாண்டு ஆகப்போகும் இந்த நேரத்திலும் நாம் அந்தக் குழியின் அளவைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம்.

அதே 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதையொட்டி ஒரு இசை மாநாடும் நடந்தது, அதிலிருந்துதான் மியூசிக் அகாடமி பிறந்தது. இன்று நாம் டிசம்பர் சீசன் என்று அழைக்கும் ஏற்பாட்டின் வேர் அது. ஒரே மாதம், இரண்டு மேடை. ஒன்று ஊரின் பண்பாடாகிவிட்டது. மற்றொன்று 'அரசியல்' என்று முத்திரை குத்தப்பட்டு, இன்றும் காவல்துறை அனுமதிக்காக வரிசையில் நிற்கிறது. நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் 'மார்கழியில் மக்களிசை' சிலரை உறுத்துவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறோம். கானாவும் ஒப்பாரியும் பறையும் நல்ல ஒலி, நல்ல ஒளி, நல்ல மேடையோடு அதே மார்கழியில் வந்து நிற்கின்றன. எங்கேயோ தெருமுனையில் நடந்திருந்தால் யாருக்கும் உறுத்தியிருக்காது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதையும் பேச வேண்டும். சமூகவியல் வகுப்பில் ஜஜ்மானி முறை என்று படித்திருப்பீர்கள். ஊரில் ஒரு விசேஷம் என்றால் பந்தலுக்கு வெள்ளை கட்டுவது, நடைபாவாடை விரிப்பது, பறையடிப்பது, எச்சில் இலை எடுப்பது எல்லாமே சாதி வாரியாகப் பிரித்த கட்டாய வேலைகள். கூலி என்பது கொஞ்சம் தானியமும் மிச்சச் சோறும். இன்று அதே வேலைகளுக்கு ஆங்கிலப் பெயர் வைத்து, பிராண்டாக்கி, லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். பெயர் மாறிய பிறகு பணம் யாரிடம் போகிறது என்று பாருங்கள். டிசைன் செய்பவர் ஒருவர், கம்பம் ஊன்றுபவர் வேறொருவர். பின்னவரின் கூலி பெரிதாக மாறவில்லை. புத்தாண்டு இரவு விடுதிகளில் போ டை கட்டிக்கொண்டு தட்டு ஏந்தும் கேட்டரிங் பையன்களில் பலர் நம் விடுதி மாணவர்கள்தான். ஜனவரி 1 விடிகாலையில் மெரினா மணலில் பாட்டில் பொறுக்குபவர்கள் யார் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

எனவே நம் நிகழ்ச்சி அழகாக இருக்க வேண்டும் என்று சொல்லும்போது அந்த ரீல்ஸைப் பார்த்து அப்படியே செய்யச் சொல்லவில்லை. பைன் மரமும் பொய்ப் பனியும் நமக்கு எதற்கு? இங்கே பனி என்றால் மார்கழிப் பனி. அந்தப் பனியில் மல்லிகை விளைச்சல் விழுந்து, விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். மல்லிகையை விட்டுவிடுங்கள். செண்டுமல்லி இருக்கிறது, கோழிக்கொண்டை இருக்கிறது. தரிசு நிலத்தில் பூளைப்பூ காசில்லாமலே கிடைக்கும், நீலத் துணியின் மீது அந்த வெள்ளைக் கொத்தை வைத்துப் பாருங்கள். குருத்தோலைத் தோரணம் முடையத் தெரிந்த பெரியவர் ஒருவராவது ஒவ்வொரு சேரியிலும் இருப்பார். அவரை வரவழைத்து, கூலி கொடுத்து, மாணவர்களுக்கு ஒரு மதியம் சொல்லித்தரச் சொல்லுங்கள். ஃபிளெக்ஸ் செலவைவிட அது அதிகமாகிவிடாது. மறுநாள் அந்த ஃபிளெக்ஸ் எங்கே போய்க் கிடக்கும் என்ற கவலையும் இல்லை.

படத்தைப் பற்றி ஒரு சிறிய வேண்டுகோள். அண்ணலின் படத்தை விதானத்துக்குப் பக்கத்தில் ஏற்றி வைக்காதீர்கள். நின்று பார்ப்பவரின் கண் மட்டத்தில் வையுங்கள். ஆளாளுக்கு ஒரு மாலை போட்டு, கடைசியில் மூக்குக் கண்ணாடி மட்டும் எட்டிப் பார்க்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவராதீர்கள். சேற்றில் நடக்க வைத்த ஊரில் கோட்டும் டையுமாக வந்து நின்றவர் அவர். அந்த உடுப்பு தெரியட்டும்.

மேடையில் போடும் சோபா. இதைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம். சிறப்பு விருந்தினருக்கு வெள்ளைத் துண்டு விரித்த சோபா, பேச்சாளருக்குக் குஷன் நாற்காலி, மாணவருக்கு பிளாஸ்டிக், சமைத்த அக்காக்களுக்கு ஒன்றுமில்லை. நான்கு படிநிலை! இதற்கு நடுவே நின்று படிநிலைச் சமத்துவமின்மையைப் பற்றிப் பேசுகிறோம். ஒரே மாதிரி நாற்காலியை அரைவட்டமாகப் போட்டால் செலவு குறையும், பேச்சும் நன்றாக வரும். சாப்பாட்டிலும் ஒரே பந்தி, சமைத்தவர்களும் அதிலேயே. மாட்டுக்கறி உண்டென்றால் பலகையில் அப்படியே எழுதி வையுங்கள், ஒளிக்காதீர்கள். வேண்டாதவர்களுக்கு வேறு குழம்பு இருக்கட்டும்.

கூலி பற்றி இன்னொன்று. மார்கழியில் முகூர்த்தம் இல்லை. பந்தல்காரருக்கும் பாத்திரக் கடைக்காரருக்கும் தொழில் மந்தம், பேரம் பேசினால் உடனே இறங்கி வருவார்கள். நம்மிடம் பணமும் குறைவு, பேசவும் நன்றாக வரும். ஆனால் அங்கே குறையும் ரூபாய் கடை முதலாளியின் பையிலிருந்து போகாது. கம்பம் சுமப்பவரின் கூலியிலிருந்துதான் போகும். மந்தமான மாதத்தில் அவருக்குக் கிடைப்பதே நான்கைந்து நாள் வேலையாக இருக்கும். பேரம் பேசுவதற்கு முன் லோடு ஏற்றுபவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

இனி டிசம்பர் 25. இதுதான் நமக்கு உண்மையிலேயே கடினமான நாள். நம் தோழர்களில் பலர் கிறிஸ்தவர்கள். வாசலில் நட்சத்திரம் தொங்கும், உள்ளே குடில் இருக்கும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதி இல்லை என்று ஒதுக்கியது. அவர்களுடைய திருச்சபைகளிலேயே பல இடங்களில் கல்லறை வரைக்கும் சாதி பிரித்து வைத்திருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் அவர்கள் கட்டும் அந்த நட்சத்திரத்தை அணைக்கச் சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் 1968இல் அதே இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசியின் பிரான்சிஸ் முதன்முதலாக அமைத்ததாகச் சொல்லப்படும் அந்த வைக்கோல் குடில் இன்று விடுதி வரவேற்பறைகளில் அலங்காரப் பொருள். நமக்குக் குடிசை என்றால் வேறு நினைவு வரும்.

பல இடங்களில் வெண்மணி நாளுக்கு 44 மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தீயில் வெந்தவர்களை நினைக்கத் தீயை ஏற்றுவது நமக்கு ஒவ்வவில்லை. அந்த மக்கள் கேட்டது கூலியாக இன்னும் அரைப்படி நெல். அதையே வைக்கலாம் என்பது நம் யோசனை. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, 44 குவியல், குவியலுக்கு அரைப்படி. மொத்தம் 22 படி நெல். பக்கத்தில் பெயர்கள். பேச்சு வேண்டாம், வருகிறவர்கள் சுற்றி நடந்து பார்க்கட்டும். கிறிஸ்தவத் தோழர்கள் தேவாலயத்திலிருந்து வந்து சேர வசதியாக மாலை ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். முடிந்ததும் நெல்லைக் குத்தி, பொங்கலன்று விடுதியில் பொங்க வேண்டும். அரைப்படி அளவைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். வாடகைப் பாத்திரக் கடையில் கிடைக்காது, பாட்டிகளின் பரணில்தான் தேட வேண்டும்.